ஜப்பான் ஹோட்டலில் மீன் நாற்றம்

சென்னையில் ஒரு பெரிய ஜப்பான் ஹோட்டல். ஷூவைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்துதான் அங்கே சாப்பிட வேண்டும். பரிமாறுகிறவள் பூமயில்.

ஒரு நாள் மதியம் அந்த ஹோட்டல் இருக்கும் கட்டடத்தின் முதலாளி தாமோதரன் நண்பர்களோடு வந்து உட்கார்ந்தார். பூமயில் பச்சை மீன் தட்டை வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"அழுகின மீனையா வைக்கிறே? அஞ்சு நிமிஷத்துல இந்த நாத்தம் போகணும். இல்லேன்னா உன் வேலை போயிடும்!"

மேனேஜர் ஓடி வந்தார். மீனை முகர்ந்துகூடப் பார்க்காமல், "ஏப்ரனைக் கழட்டும்மா," என்றார். பணக்காரன் கத்தினால் போதும், இவர்களுக்கு மூக்கே அடைத்துவிடும்!

பூமயில் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நாற்றம் அங்கேயே நின்றது. விடுவிடுவென்று வாசலுக்குப் போனவள், தாமோதரனின் ஷூவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எதுக்குடி இது?"

"நான் ஏப்ரனைக் கழட்டினா இந்த நாத்தம் போகாது சார். நீங்க ஷூவை மாட்டினாத்தான் போகும்."

"அப்பாடா, யாராவது சொன்னாங்களே!" என்று ஒரு நண்பர் மூச்சு விட்டார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாமோதரன் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதே மீனை நண்பர்கள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

"சரிம்மா, போய் வேலையைப் பாரு," என்று குழைந்தார் மேனேஜர்.

"இனிமே முதல்ல மோந்து பாருங்க சார். அப்புறம் கழட்டச் சொல்லுங்க."