வெயில் வண்டிக்கு ஒரு குடை

“அக்கா, அண்ணாச்சி வாராரு. அவருகிட்ட நான் என்னத்தச் சொல்லட்டும்?”னு கேட்டான் இசக்கியப்பன்.

டெல்பின் துடைச்சிட்டிருந்த துணிய அவன் கையில குடுத்தா.

“இத வச்சு என்ன பண்ண?”

“தொடை.”

“வண்டியவா, என் வாயவா?”

அவ குனிஞ்சு ஒயரப் பாக்கப் போயிட்டா.

டெல்பின் ஃபைனல் இயர். காலேஜ் சோலார் கார் டீமுக்குக் கேப்டன். கேப்டன்னு எவனும் கூப்பிடுறதில்ல, சாமியாரக்கான்னுதான் கூப்பிடுவானுங்க. அவ ஒரு வார்த்த பேசி முடிக்கிறதுக்குள்ள கேண்டீன் டீ ஆறி ஆடை கட்டிரும். ஆனா ஒயர ரெண்டு விரலால தொட்டுப் பாத்து “இங்கன”ன்னா, கோளாறு அங்கனதான் இருக்கும்.

இசக்கி ரெண்டாம் வருசம். வண்டிக்கு டிரைவர். ஒல்லியா இருக்கான், வெயிட்டு கம்மின்னு சொல்லித்தான் எடுத்தாங்க. அவன் பேச்ச யாரும் தராசுல வச்சுப் பாக்கல.

வண்டியப் பாத்தா, கேரம் போர்டுக்கு மூணு சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கும். மேல பூரா கருநீலமா சோலார் செல்லு. கீழ ஒரு ஆளு பாதி படுத்து, பாதி உக்காந்து ஓட்டணும். எல்லாம் ரெடி. பேட்டரி மட்டும் இல்ல.

பேட்டரி இல்லன்னா வடக்க நடக்குற ரேஸ்ல கேட்டுக்குள்ளயே விட மாட்டான். அத வாங்கிக் குடுக்க ஒரு மகராசன் வேணும். தூத்துக்குடியில ஏறாத படி இல்ல. கடைசியா மசிஞ்சவரு பால்துரை அண்ணாச்சி ஒருத்தர்தான். பஜார்ல பெரிய கடை வச்சிருக்காரு.

என்ன கடைன்னு கேட்டா சிரிக்கக் கூடாது.

குடைக்கடை.

“வெயில்ல வண்டி ஓட்ட, வெயில மறைக்கிறவருகிட்ட போயி நிக்கோம். நம்மள விட அறிவாளி எவன் இருக்கான்?”னு இசக்கி சொன்னப்ப டீமே சிரிச்சுச்சு.

டெல்பின் சிரிக்கல. “அவருக்குத்தாம்ல வெயில் தெரியும்”னா.

அண்ணாச்சி ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. “ஓடுறத நான் கண்ணால பாக்கணும். ஓடலன்னா டீயக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது.”

“பேட்டரி இல்லாம எப்படிக்கா ஓட்டிக் காட்ட?”

“நேரா.”

அப்படின்னா செல்லுல இருந்து மோட்டாருக்கு நேரா ஒயரு. வெயில் விழுந்தா ஓடும். விழலன்னா நிக்கும். நடுவுல சேத்து வைக்கிறது, கடன் சொல்றது, ஒண்ணும் கிடையாது.

உப்பளத்து ரோட்டுல வண்டிய நிறுத்தியிருந்தாங்க. ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா தண்ணி. அதத் தாண்டி வெள்ள வெள்ளையா உப்புக் குவியல். வெயில் மேல இருந்து ஒரு தடவ அடிச்சுது, கீழ பட்டுத் திரும்பி இன்னொரு தடவ அடிச்சுது.

அண்ணாச்சி வந்து இறங்குனாரு. வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி. தலைக்கு மேல குடை. பிடிச்சிருந்தவரு மேனேஜர் செல்லையா. கார் டிக்கியத் தொறந்தா அங்கயும் குடை. மஞ்சள் எழுத்துல கடைப் பேரு.

“புள்ளைங்க இப்படி வெயில்ல நிக்குதே”ன்னு ஆளுக்கொண்ணு எடுத்துக் குடுத்தாரு.

அன்பாக் குடுக்கும்போது வேண்டாம்னு சொல்ல முடியுமா? எல்லாரும் வண்டியச் சுத்தி நின்னு விரிச்சாங்க. டெல்பினும் வாங்குனா. விரிக்கல.

இசக்கிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“அண்ணாச்சி, உங்க நிழல்லதான் நாங்க நிக்கோம். இந்த வண்டி ஓடுனா உங்க நிழல்லதான் ஓடணும்!”

அண்ணாச்சி குளுந்து போயிட்டாரு. டெல்பின் இசக்கிய ஒரு பார்வ பாத்தா. அவ்வளவுதான்.

அவன் உள்ள நுழைஞ்சான். கால அமுத்துனான்.

வண்டி ஒரு முழம் நகந்துச்சு. ம்ம்ம்னு முனகுச்சு. நின்னுருச்சு.

“என்னாச்சுல?”ன்னு அண்ணாச்சி பதறிப்போயி கிட்ட வந்தாரு. செல்லையாவும் குடையோட வந்தாரு. டீம் மொத்தமும் வந்துச்சு. எல்லாரும் வண்டி மேல குனிஞ்சு பாத்தாங்க, கையில குடையோட. உள்ள இருந்த இசக்கிக்குக் கல்யாணப் பந்தல்ல படுத்துக் கெடக்குற மாதிரி இருந்துச்சு.

எங்க கோளாறுன்னு அவனுக்கு உடனே தெரிஞ்சு போச்சு. சொல்லத்தான் நாக்கு வரல. நம்மளக் கரையேத்த வந்த மனுசன, தள்ளிப் போங்கன்னு எப்படிச் சொல்ல? இப்பத்தான உங்க நிழல்ல ஓடும்னு சொன்னோம்.

“பையன் உள்ள வேகுதான்யா. செல்லையா, குடைய நல்லா இறக்கிப் பிடி.”

குடை இறங்குச்சு. கொஞ்ச நஞ்ச முனகலும் நின்னுச்சு.

“அக்கா...”ன்னான் இசக்கி. அழுகாத குறை.

டெல்பின் கதவத் தொறந்தா.

“இறங்கு.”

“இறங்குனா யாருக்கா ஓட்ட?”

அவ அண்ணாச்சி பக்கம் திரும்புனா. “ஏறுங்க அண்ணாச்சி.”

“நானா? ஏம்மா, நான் சைக்கிளே தள்ளிக்கிட்டுத்தான் போவேன்.”

“ஏறுங்க.”

அவரு உடம்புக்கும் அந்த வண்டிக்கும் ஏழாம் பொருத்தம். நாலு பேரு சேந்து அவரக் குடைய மடக்குற மாதிரி மடக்கித்தான் உள்ள விட்டாங்க.

“வலது கால அமுத்துங்க. எடுக்காதீங்க.”

“நின்னு போச்சுன்னா?”

“எடுக்காதீங்க.”

கதவச் சாத்துனா. செல்லையா கையில இருந்த குடைய மெதுவா வாங்கி மடக்கி, இசக்கி கையில குடுத்தா. மத்தவங்க பாத்தாங்க. ஒண்ணொண்ணா எல்லாக் குடையும் மடங்குச்சு. எல்லாரும் பின்னால தள்ளி நின்னாங்க.

வண்டி கிளம்பிருச்சு.

இசக்கி அத வெளிய இருந்து பாத்ததே இல்ல. எப்பவும் உள்ள கெடப்பான். ரோடும் அவன் முழங்காலும் மட்டும் தெரியும். இப்பத்தான் பாக்கான்.

சத்தமே இல்ல. டயருக்கு அடியில உப்புப் பரல் நொறுங்குறது மட்டும் கேட்டுச்சு. பாத்தியில நின்ன கொக்கு கூடத் திரும்பல. அத்தனை பெரிய மனுசன வெயில் அப்படியே அள்ளிக்கிட்டுப் போகுது.

கூப்பிடு தூரம் போயிருக்கும்.

கடல் பக்கம் இருந்து ஒரு மேகம் வந்துச்சு. அதோட நிழல் தரையில நடந்து வந்துச்சு. வெள்ளக் குவியல் ஒவ்வொண்ணையும் விளக்க அணைக்கிற மாதிரி அணைச்சுக்கிட்டே வந்து, வண்டி மேல ஏறிச்சு.

வண்டி நின்னுச்சு.

“போச்சு!”ன்னு இசக்கி ஓடப் பாத்தான். டெல்பின் காலரப் பிடிச்சா.

“எங்கல?”

“தள்ளி விடணும்க்கா! அவரு இறங்கி வீட்டுக்குப் போயிருவாரு!”

“நீ தள்ளுனா, ஓட்டுனது யாரு?”

செல்லையா அதுக்குள்ள இன்னொரு குடைய எடுத்து விரிச்சுக்கிட்டே வண்டிக்கு ஓடிட்டாரு. “அண்ணாச்சி, இறங்குங்க. போவோம்.”

உள்ள இருந்து குரல் வந்துச்சு. அந்த அமைதியில இங்க வரைக்கும் கேட்டுச்சு.

“செல்லையா, குடைய மடக்குல.”

“அண்ணாச்சி?”

“மடக்குல! வந்துக்கிட்டிருக்கு.”

“என்னது அண்ணாச்சி?”

“வெயிலு.”

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

பொறந்ததுல இருந்து இசக்கி வெயிலக் கண்டு ஓடித்தான் பழக்கம். பஸ்ல ஏறுனா வெயில் விழாத பக்கம். நடந்தா செவுரு ஓரம். வெயிலுக்காகக் காத்து நின்னதே கிடையாது. அது எப்படி வரும்னு அவனுக்குத் தெரியாது.

அது நடந்து வந்துச்சு. தூரத்துப் பாத்தியில ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணி தகதகன்னு எரியுது, இந்தப் பக்கம் ஈயம் மாதிரி கெடக்குது. ஒரு பாத்தி. அடுத்த பாத்தி. அணைஞ்ச குவியல் எல்லாம் திரும்பப் பத்திக்கிச்சு. ரோட்டு மேல ஏறுச்சு. வண்டி மூக்கத் தொட்டுச்சு. ஒவ்வொரு செல்லா நனைச்சுக்கிட்டே பின்னால போச்சு.

யாரும் தொடல.

வண்டி எந்திரிச்சுப் போச்சு.

ஒருத்தரும் கைதட்டல. செல்லையா மடக்குன குடைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாரு. இசக்கி டெல்பின் பக்கம் திரும்புனான்.

“அக்கா, இப்பப் பேட்டரி கேக்கலாமா?”

“போயிக் கேளு.”

ஓடுனான். வண்டிய எட்டிப் பிடிச்சு, பக்கத்துலயே குனிஞ்சுக்கிட்டு ஓடுனான். அண்ணாச்சி கால எடுக்கல. வாயி தொறந்தபடி இருக்கு, கண்ணுல தண்ணி நிக்குது.

“அண்ணாச்சி... பேட்டரி...”

அண்ணாச்சி அவனப் பாத்தாரு.

“ஏல, இதுக்கு எதுக்குல பேட்டரி?”

இசக்கி கால் நின்னு போச்சு. வண்டி போயிருச்சு.

தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தான்.

“காரியம் கெட்டுச்சுக்கா. நல்லா ஓட்டிக் காட்டுனோம், ரொம்ப நல்லா ஓட்டிக் காட்டிட்டோம். இதுக்கு எதுக்குல பேட்டரின்னு கேக்காரு.”

அண்ணாச்சி இன்னும் இறங்காம ஓட்டிக்கிட்டே போறதப் பாத்து டெல்பின் சிரிச்சா.

“அப்ப வாங்கிக் குடுத்துருவாரு.”