மை தீர்ந்த சிவப்புப் பேனா

அநியாயம் நடந்தது உலகம்மைக்கு. செய்தவர் அவளைப் பெற்ற அப்பா.

குற்றாலிங்கம் சார் முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் அவருக்கு விழா எடுத்தார்கள். மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிந்தபின் மகள் மேடையேறி ஒரு வாழ்த்து அட்டையைக் கொடுத்தாள். பதினோரு நாள் உட்கார்ந்து அவளே வெட்டி, மடித்து, ஒட்டியது. திறந்தால் பள்ளிக்கூடமே எழுந்து நிற்கும். வாசல், படிக்கட்டு, மணி, ஓட்டுக் கூரை. படியின் உச்சியில் கையில் ஸ்கேலோடு ஒரு குட்டி வாத்தியார்.

சார் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அட்டையின் ஓரத்தில் பத்துக்கு ஆறரை என்று மார்க் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மண்டபம் சிரித்தது. சாரும் சிரித்தார்.

உலகம்மை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு வருடமாக அவள் அப்பாவிடம் பேசியது ஒரே வாக்கியம்தான். "அம்மாட்ட குடுங்க." அதுவும் போனில். காகிதம் வெட்டுவதையும் விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் எங்களிடம் சொன்னவர் சாரேதான். வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் சொன்னார்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில், சனிக்கிழமை மத்தியானம் ஜமீலா டீச்சர் காகித வேலை சொல்லிக்கொடுப்பார். டீச்சருக்கு இருபத்தாறு வயது. நாங்கள் ஏழு மாணவர்கள். அதில் அறுபத்திரண்டு வயது ஆள் குற்றாலிங்கம் சார் ஒருவர்தான். யாருக்காக அட்டை செய்யப்போகிறீர்கள் என்று முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். அதற்குத்தான் சார் இந்தப் பதிலைச் சொன்னார்.

நான் எழுந்தே விட்டேன்.

"ஆறரையா? மூணரை மார்க்க எதுக்கு சார் குறைச்சீங்க?"

"கூரை ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு, சாஞ்சிருந்துதும்மா. ஒரு மூலையில பசை வெளிய வந்திருந்துது."

"பெத்த மக சார்!"

"எம் மகளாச்சேன்னு கூடப் போட முடியுமா? கணக்குன்னா கணக்கு."

"யாரு சார் உங்கள்ட்ட மார்க் கேட்டா?"

சார் மேசைமேல் கிடந்த ஸ்கேலை நேராக்கி வைத்தார்.

"ஏட்டி செண்பகம், உக்காரு," என்றார் டீச்சர். பிறகு அவரிடம், "அட்டை எப்ப வேணும் சார்?"

"ஆவணி பத்து. அவ பொறந்தநாள்."

"குடுத்தா பேசுவாளா?"

"தெரியல டீச்சர்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசினா நல்லாருக்கும்."

முதல் பாடம் மடிப்பு. கனமான அட்டையை வெறும் கையால் மடித்தால் மடிப்பு வாய் பிளந்துவிடும். முதலில் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்த வேண்டும். சார் பையிலிருந்து பேனாவை எடுத்து இழுத்தார். அளவில் குற்றம் சொல்ல இடமில்லை. மடித்தால் முதுகில் ஒரு சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

அதே பேனா.

"சார், மை இல்லாத பேனா வேணும்," என்றார் டீச்சர்.

"மை இல்லாத பேனாவுல என்ன எழுதுறது?"

"எழுத வேண்டாம். அழுத்தினாப் போதும்."

என் பையில் மை தீர்ந்த பேனா நாலு கிடக்கும். எடுத்து நீட்டினேன். டீச்சர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"அவர் பேனாவே வரட்டும்."

"இது புது ரீஃபில் டீச்சர். எப்படித் தீக்கிறது?"

"எழுதித்தான்."

"என்ன எழுத?"

"உங்களுக்குத் தோணுறத எழுதுங்க. பத்து வாரம் இருக்கு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மகளைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்திய மனுசனுக்கு இம்போசிஷனா தண்டனை? அதையும் அவர் சந்தோஷமாக அல்லவா வாங்கிக்கொண்டு போகிறார்? வாத்தியார் இல்லையா, நாற்பது பக்க நோட்டு ஒன்று கீழேயே வாங்கிவிட்டார்.

மறு வாரம் கேட்டேன். "என்ன சார் எழுதுனீங்க?"

"என் பக்க நியாயம்."

"எவ்வளவு வந்துது?"

"நாலு பக்கம்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதுக்கு மேல வரலம்மா."

"ரீஃபில்?"

"கால் கூடக் குறையல."

டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த மடிப்பைச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று நான்கு வாரம் போனது. சார் ஒரு அட்டையை ஒட்டி முடித்ததும் டீச்சரிடம் நீட்டுவார். "எத்தனை மார்க் டீச்சர்?" டீச்சர் அதை மூடுவார், திறப்பார், திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே, "பத்துக்கு மூணு!" என்று கத்தினேன். சார் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகுதான் எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஆறாவது வாரம் சார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். நோட்டு தடித்திருந்தது.

"எழுத விஷயம் கெடைச்சிட்டு டீச்சர்."

"என்ன சார்?"

"அந்த அட்டைய அவ அம்மா பீரோல வச்சிருந்தா. எடுத்துப் பாத்தேன். அதுல என்னென்ன இருக்குன்னு வரிசையா எழுத ஆரம்பிச்சேன். ஓடு எழுபத்திரண்டு. ஒவ்வொண்ணும் தனியா வெட்டி ஒட்டியிருக்கா. மணியில நாக்கு இருக்கு, ஆட்டினா ஆடுது. வாத்தியார் சட்டைப் பையில சிவப்பா ஒரு புள்ளி. அது இந்தப் பேனா."

சார் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"படிக்கட்டு பதினெட்டு. எனக்குச் சந்தேகம். நேத்து பள்ளிக்கூடத்துக்குப் போயி எண்ணிப் பாத்தேன். வாட்ச்மேன், என்ன சார் மறந்து போச்சா, ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு கிண்டல் பண்ணுதான்."

"எத்தனை இருந்துது சார்?" என்று கேட்டது நான்தான்.

"பதினெட்டு. முப்பத்து மூணு வருசம் ஏறி இறங்கியிருக்கேன், நான் எண்ணினதே இல்ல."

"அப்ப அதத் திருத்திப் பத்துக்குப் பத்து போடுங்க சார்! இப்பவே போடுங்க!"

சார் பேனாவை எடுத்து நோட்டில் கிறுக்கிக் காட்டினார். வெள்ளைத் தாளில் வெறும் பள்ளம் விழுந்தது.

"தீந்து போச்சும்மா."

டீச்சர் ஒரு புது அட்டையை அவர் முன்னால் வைத்தார். "இப்பக் கோடு போடுங்க சார்."

அவர் செய்ய நினைத்தது வீடு. உலகம்மை பத்து வயது வரை இருந்த வீடு, ஒரு ஜன்னல், ஒரு கூரை. சுவர் எழுந்தது. ஜன்னல் திறந்தது. கூரை மட்டும் சாய்ந்தது. மறுபடி செய்தார். சாய்ந்தது. அடுத்த மூன்று வாரத்தில் ஒன்பது வீடு கட்டினார், ஒன்பதும் ஒரே பக்கம் சாய்ந்தது. அளந்து அளந்து அவருக்கு வேர்த்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

ஒன்பதாவது வீட்டை டீச்சரிடம் கொண்டுபோனார்.

"சாஞ்சிருக்கு டீச்சர்."

"ஆமா சார்."

"இதையா அனுப்ப?"

"மூடிப் பாருங்க. மூடுதா?"

"மூடுது."

"திறக்குதா?"

"திறக்குது."

"அப்புறம் என்ன சார்?"

சார் அன்றே தபாலில் போட்டார். உறைமேல் மகளின் தூத்துக்குடி விலாசத்தையும், அனுப்புநராக இந்த மாடி விலாசத்தையும் டீச்சர் எழுதினார். உள்ளே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதப் பேனாவில் மை ஏது?

ஆவணி பத்து வந்தது, போனது. தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. போன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சார் வகுப்புக்கு வந்தார். காகிதத்தைத் தொடாமல் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சண்டை போடலாம் என்று பார்த்தேன். யாரோடு போடுவது?

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு பெண் வந்து நின்றாள். மூக்கும் நெற்றியும் அச்சாகச் சாருடையது. கையில் அட்டை. சார் எழுந்து நின்றார், கேள்விக்குப் பதில் தெரியாத பையன் மாதிரி.

அவள் நேராக மேசைக்கு வந்து அட்டையைத் திறந்து வைத்தாள். வீடு எழுந்தது.

"கூரை சாஞ்சிருக்கு," என்றாள் வீட்டைப் பார்த்து.

"ரெண்டு நூல்," என்றார் சார்.

"மூணு."

"மூணா?" சார் குனிந்து ஸ்கேலை வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "மூணுதான்."

அவள் கையை நீட்டினாள். "பேனா."

சார் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். போடு தாயி, நானும் கூடச் சேர்ந்து போடுகிறேன், பத்துக்குச் சுழியம் போடு என்று எனக்கு உள்ளே துடித்தது. அவள் அட்டையின் ஓரத்தில் பேனாவை வைத்து அழுத்தினாள். ஒன்றும் விழவில்லை. உதறினாள். மறுபடி அழுத்தினாள்.

"மை இல்லையேப்பா."

நாலு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த 'அப்பா'.

"எழுதித் தீத்துட்டேன் உலகு."

அவள் பேனாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கூரையை நகத்தால் மெதுவாகப் பிரித்தெடுத்தாள். ஸ்கேலை வைத்து, அந்த மை இல்லாத பேனாவாலேயே சுவருக்குச் சற்று மேலே ஒரு கோடு அழுத்தினாள்.

"கூரைக்குத் தனி மடிப்பு வேணும்ப்பா. சுவரோட மடிப்புலயே ஒட்டினா இழுக்கும். நானும் அன்னைக்கு இதத்தான் தப்பாச் செஞ்சேன்."

"ஒன்பது வீடு கட்டினேன். எனக்குத் தெரியலயே."

"ஒன்பதா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையில் கையூன்றிச் சிரித்தாள். "ஒன்பதும் சாஞ்சுதா?"

"ஒன்பதும்."

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். உலகம்மை பசை தடவி, கூரையை உட்கார வைத்தாள்.

"இந்தப் பக்கம் நீங்க பிடிங்க."

சார் இரண்டு விரலால் பிடித்தார். மறுபக்கம் அவள் பிடித்தாள். இரண்டு தலையும் முட்டாத குறை.

"உலகு."

"கைய ஆட்டாதீங்க."

"படி பதினெட்டு. போயி எண்ணினேன்."

அவள் கூரையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"நான் மூணு தடவ எண்ணினேன்ப்பா," என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. டீச்சர் காதில் கிசுகிசுத்தேன். "நாலு வருசம் டீச்சர்! இன்னும் வாயத் திறந்து ஒரு மன்னிப்பு கேக்கலயே இவரு. இது என்ன நியாயம்? நான் போயிக் கேக்கட்டா?"

டீச்சர் அந்த நான்கு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு செண்பகம்," என்றார். "பசை காயட்டும்."