பதவிக்கு வந்த அடுக்கு

இந்தக் கதையைப் பதினாறு வருடமாக நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பது சரிதானா என்றும் தெரியவில்லை. சொன்னவர் இருதயராஜ், ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர், பொய் சொல்லும் அளவுக்குக் கற்பனை இல்லாதவர்.

அங்கே ஒரு நிக்கல் தகட்டின் மேல் வாயுவைக் கற்றையாகப் பாய்ச்சி, எத்தனை அணுக்கள் ஒட்டுகின்றன, எத்தனை துள்ளித் திரும்புகின்றன என்று பார்ப்பார்கள். சம்பவத்தன்று மாலை, கூடத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்கக் கமிட்டி வருகிறது. முடிவு காட்டாவிட்டால் கூடம் கேன்டீனுக்குப் போய்விடும்; இருதயராஜ், அழகர், கமாலுதீன் என்று உதவியாளர் மூவரும் கூடவே மாவாட்டப் போகவேண்டியதுதான்.

கமிட்டியை அழைத்துவரக் கிளம்பிய பேராசிரியை ஞானவடிவு சொன்னார்: "தகட்டுல மேலடுக்கு பூரா அழுக்கு. அதை எடுத்துட்டுக் கற்றையை விடுங்க. மேலடுக்குன்னு ஒண்ணு இருந்துச்சோ, தொலைஞ்சோம்."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார்கள். அழகர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, மேலடுக்கு போயிடுச்சு. ஆனா மேல இன்னொண்ணு இருக்கே!"

"அது ரெண்டாவது அடுக்குய்யா," என்றார் இருதயராஜ்.

"காலையில ரெண்டாவது. இப்ப?"

கமாலுதீன் வெகுநேரம் யோசித்தார். "அழகர் சொல்றது நியாயம். மேல இருந்தது போனதும் இது பதவிக்கு வந்துடுச்சு."

தேய்த்தார்கள். அடுத்தது பதவிக்கு வந்தது. அதையும் தேய்த்தார்கள். சாப்பிடக்கூடப் போகவில்லை.

"பாய், திருப்பிப் போட்டு அடிப்பக்கமா தேய்ச்சா?" என்று கேட்டார் அழகர்.

"திருப்பினா அதுதான்யா மேல்பக்கம், கூமுட்டை!"

நாலரை மணிக்குக் கடைசி அடுக்கும் பதவி இழந்தது. தகட்டைப் பிடித்திருந்த இடுக்கியில் ஒன்றுமே இல்லை.

"இப்பதான் சுத்தம்," என்றார் அழகர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

கற்றையை விட்டார்கள். ஓர் அணுகூடத் திரும்பவில்லை. இருதயராஜ் எழுதினார்: 'திரும்பியவை: இல்லை. ஒட்டியவை: எல்லாம்.'

ஞானவடிவு இடுக்கியைப் பார்த்தார்; நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கமிட்டித் தலைவர் காகிதத்தை மட்டும் பார்த்தார். "நூத்துக்கு நூறா! எங்கேயும் நடக்காத விஷயமாச்சே!" கூடத்துக்கு இன்னும் ஐந்து வருடம் கிடைத்தது. தகட்டைப் பத்திரப்படுத்தும்படி உத்தரவும் வந்தது. ஒரு பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

போன மாதம் இருதயராஜ் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சு இருந்தது. குனிந்து பார்த்தேன்.

"தொட்டுடாதீங்க சார், கைரேகை பட்டுடும்."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். இத்தனை வருடமாக உறுத்திய சந்தேகத்தை அவரிடம் கேட்டே விட்டேன்:

"இது அதே தகடுதானா? நடுவுல யாரும் மாத்தி வெச்சிடலையே?"