கைகட்டி நின்ற நாயகன்

மரியதாஸின் திரைக்கதையைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நல்லா இருக்கு, ஆனா உயிர் இல்லை. நாற்பத்தைந்து வயதில், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கதாசிரியை கோமளவல்லியிடம் சீடனாகச் சேர்ந்தான். அவள் அவனைவிட இளையவள்.

"என் கதையில என்னதான் குறை மேடம்?"

"நாயகனோட படகை மாமன் பிடுங்குறான். அப்புறம் வீட்டையும் பிடுங்குறான். இவன் என்ன பண்றான்?"

"பொறுத்துக்கிறான். நல்லவன் மேடம். எங்க அப்பா கதைதான் இது."

கோமளவல்லி தாள்களைக் கீழே வைத்தாள். "நாளைக்குத் தயாரிப்பாளர்கிட்ட இந்தக் கதையை நான் சொல்றேன். கூட வாங்க."

மறுநாள் தயாரிப்பாளரின் அறையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"இது நான் ரொம்ப நாளா எழுதிக்கிட்டிருக்கிற கதை சார்."

வாய் தவறி வந்திருக்கும் என்று மரியதாஸ் நினைத்தான்.

"இவர் யாரு?" என்றார் தயாரிப்பாளர்.

"என் உதவியாளர். நகல் எடுத்துக் கொடுத்தார்."

மரியதாஸுக்குக் காது சுட்டது. குரு ஆயிற்றே, ஏதாவது காரணம் இருக்கும். சிரித்து வைத்தான்.

"கதையில வர்ற படகுக்காரர் வேற யாருமில்ல சார். எங்க அப்பா."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மரியதாஸ் எழுந்து நின்றிருந்தான்.

"நிறுத்துங்க! அது எங்க அப்பா. என் பேரை எடுத்தீங்க, போகட்டும். எங்க அப்பாவைத் தர மாட்டேன். சார், இது என் கதை. நான் சொல்றேன் கேளுங்க. இல்லைன்னா என்னை வெளிய தள்ளுங்க."

தயாரிப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லுங்க."

நின்றபடியே சொன்னான். மாமன் படகைப் பிடுங்க வரும் இடத்தில், எழுதி வைத்திருந்தது வாயில் வரவில்லை. நாயகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகுக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, "அவுக்கிறவன் வாடா!" என்று நின்றான். அப்பா அன்றைக்கு அப்படி நிற்கவில்லை. இன்றைக்கு நின்றார். தயாரிப்பாளர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் கோமளவல்லியை மறித்தான். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"எனக்குப் பாடம் நடத்தத்தானே இப்படிச் செஞ்சீங்க?"

"ஆமா."

"நான் எழுந்திரிக்காம உட்கார்ந்தே இருந்திருந்தா?"

கோமளவல்லி அவனைத் தாண்டி இரண்டு படி இறங்கி, திரும்பிப் பார்த்தாள்.

"படம் என் பேர்ல வந்திருக்கும்."