எட்டாம் நம்பர் குட்டி

ஞானப்பிரகாசத்துக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருஷம் கால்நடை மருத்துவராக ஊர் ஊராய்ப் போய் ஊசி போட்டுவிட்டு, இப்போது ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்திருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் தமயந்தி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வயசாவது ஒன்றாவது!

அன்று காலை ஆய்வேட்டைக் கொண்டுவந்து தமயந்தியின் மேஜைமேல் வைத்தார்.

“முடிச்சாச்சு மேடம். பிறந்து நாலே நாளான பன்றிக்குட்டிகள். இந்த ஹார்மோனை ஊசியில ஏத்தினா மூளைக்குப் போற ரத்தம் கூடுது. சந்தேகமே இல்லை. மூச்சுத் திணறிப் பிறக்கிற குட்டிக்கு இதைப் போட்டுக் காப்பாத்தலாம்னு கடைசியில எழுதியிருக்கேன். எல்லா டாக்டரும் நாளைக்கே போடலாம்.”

“எல்லாக் குட்டிக்கும் கூடிச்சா?”

“பன்னிரண்டுல பதினொண்ணுக்கு.”

“மிச்சம் ஒண்ணு?”

“எட்டாம் நம்பர். அதுக்கு மட்டும் ரத்தம் குறைஞ்சுது. மூணு தடவை அளந்தேன், அதே கூத்துதான். கருவிக் கோளாறுன்னு எழுதிட்டேன். அதை எடுத்துடலாம்தானே மேடம்?”

தமயந்தி எழுந்து குட்டிகள் பிறந்த பண்ணைக்கு நடந்தார். இவரும் பின்னாலேயே போனார். கொட்டகைச் சுவரில் ஆணியில் பிரசவப் பதிவேடு தொங்கியது. இத்தனை மாதத்தில் ஆய்வகப் பக்கம் அது வந்ததே இல்லை. தமயந்தி அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“எட்டாம் நம்பரைப் படிங்க சார்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“பிறக்கும்போது வழியில் சிக்கிக்கொண்டது. வெளியே வந்தபோது மூச்சில்லை. துணியால் தேய்த்துத் தேய்த்து எழுப்பினேன்.”

அவருடைய கையெழுத்தேதான். அரைமணி நேரம் அந்தக் குட்டியோடு மல்லுக்கட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அடச்சே, இதைப் போய் மறந்தேனே என்று வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனுஷர் லேசில் விடுகிறவர் இல்லை.

“இது ஒண்ணே ஒண்ணுதானே மேடம். அந்தப் பக்கம் பதினொண்ணு இருக்கே?”

தமயந்தி சிரித்தார்.

“அந்தப் பதினொண்ணும் தானா எழுந்து பால் குடிச்சுது சார். அதுங்களுக்கு உங்க ஊசி எதுக்கு? நீங்க ஊசியைத் தூக்கிட்டு ஓடப்போறது எட்டாம் நம்பர்கிட்டதான்.”