கஞ்சாவைக் கண்ணால் பார்க்காதவர்கள்

"சாமி, ஒரே ஒரு பொய். அதுவும் நாட்டுக்காக. சொல்லலாமா?"

கேட்டவன் மாடக்கண்ணு. மறுநாள் காலையில் அரசர் படைக்குக் கோட்டை வாசலில் ஆள் எடுக்கிறார்கள். ஓட்டம், மல்லுக்கட்டு, வேல் எறிவது எதற்கும் அவன் பயப்படவில்லை.

பயமெல்லாம் தளபதி கேட்கும் ஒரே கேள்விக்குத்தான். வாளின் மேல் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கஞ்சா குடித்ததுண்டா?

குடித்திருக்கிறான். கொஞ்ச நஞ்சமல்ல. சுடுகாட்டு மண்டபத்தில் உட்கார்ந்து, மழைக்காலம் வந்து போனதுகூடத் தெரியாமல் ஒரு வருஷம் குடித்தவன். தங்கச்சி கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க யாரு, என்ன விஷயமா வந்தீங்க?" என்று விசாரித்தான். தங்கச்சி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவனும் அன்றோடு கஞ்சாவை நிறுத்திவிட்டான்.

மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் அவள் பேசவில்லை. படை உடுப்போடு போய் அவள் வாசலில் நின்றால் பேசுவாள் என்பது அவன் நம்பிக்கை.

ஆவுடைச் சாமி கோட்டையடியில் குடிசை போட்டிருந்த குரு. பேச்சு குறைவு. தன் கைத்தடியை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"இதுதான் வாள். நான்தான் தளபதி. கையை வை."

வைத்தான்.

"கஞ்சா குடிச்சதுண்டா?"

"கஞ்சாவா? அப்படின்னா என்னங்க ஐயா?"

முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டான். அவனுக்குக் கொஞ்சம் பால் வாங்கிக் கொடுக்கலாமா என்று சாமிக்கே தோன்றியது.

"தெரியாதா? பாவம். சொல்றேன் கேளு. அது ஒரு செடி. அதோட வேரை எடுத்துக் காயவைப்பாங்க."

மாடக்கண்ணுவின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டான்.

"அதை இடிச்சு, சிலும்பிங்கிற மண் குழாயில போட்டு, மேல தண்ணி ஊத்துவாங்க."

தொண்டையைச் செருமினான்.

"அப்புறம் சிலும்பி அடியில காய்ஞ்ச துணியைச் சுத்தி..."

"ஈரத்துணி சாமி. காய்ஞ்ச துணியில இழுத்தா தொண்டை என்னத்துக்கு ஆகும்? வேராம், தண்ணியாம். பூவைத்தான் எடுக்கணும், அதுவும் விதையைப் பொறுக்கிப் போட்டுட்டு. உங்களுக்கு யாரு சாமி இப்படித் தப்புத்தப்பா சொல்லிக் கொடுத்தது?"

சொல்லி முடித்த பிறகுதான், தன் கை இன்னும் தடியின் மேல் இருப்பதைப் பார்த்தான்.

சாமி தடியை எடுத்துக்கொண்டு கூழ் குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் வரிசையில் அவனுக்கு முன்னால் நாற்பது பேர். கஞ்சாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று நாற்பது பேரும் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். அதில் மூன்று பேர் மண்டபத்தில் அவனுக்குச் சிலும்பி நீட்டியவர்கள்.

அவன் முறை வந்தது. வாளின் மேல் கை வைத்தான்.

"குடிச்சிருக்கேன் ஐயா. ஒரு வருஷம். விட்டு மூணு வருஷம் ஆச்சு."

வரிசை சிரித்தது. தளபதி சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கடத்தல்காரர்களிடம் பிடித்த கஞ்சா மூட்டைகள் கோட்டைக் கிடங்கில் கிடப்பதாகவும், அதன் கதவுக்குத்தான் ஒரு காவலாள் தேவை என்றும் சொன்னார்.

"நிக்கிறியா?"

மாடக்கண்ணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே உடுப்பு கிடைக்கும். சாயங்காலம் தங்கச்சி வாசலில் நிற்கலாம்.

"அந்தக் கதவு மட்டும் வேண்டாம் ஐயா. வேற எங்க நிறுத்தினாலும் நிக்கிறேன். வேற இடம் இல்லைன்னா வீட்டுக்குப் போறேன்."

தளபதி எழுத்தரைப் பார்த்து, "இவன் பேரை எழுதிக்கோ" என்றார்.

பிறகு வரிசைக்குக் கேட்காமல் அவன் பக்கம் குனிந்தார்.

"அந்தக் கதவுல இதுவரைக்கும் ஏழு பேரை நிறுத்தினேன். ஏழு பேரும் கஞ்சாவைக் கண்ணால பார்த்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணினவங்க. இப்ப உள்ள வெறும் சாக்குதான் இருக்கு."