ஏரியைத் தூர்க்க வந்த ஓலை

முன்னொரு காலத்தில் நெல்வாய் நாட்டை வல்லபன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை. அந்த நாட்டில் ராஜா நினைத்தால் மட்டும் போதாது. ஊர்கள் குடவோலை போட்டு அனுப்பிய இருபத்தொரு பேர் சபையில் கை தூக்க வேண்டும். பன்னிரண்டு பேர் ராஜா பக்கம், ஒன்பது பேர் எதிர்ப்பக்கம். ராஜாவுக்குக் கவலையே இல்லை.

ஒருநாள், "பெரிய ஏரியைத் தூர்த்துக் குதிரைப் பந்தயத் திடல் போடுவேன்" என்றான்.

அந்த மாதமே ராஜா பக்கத்துக் கிழவர் ஒருவர் காலமானார். அவருடைய ஊர் எதிர்ப்பக்கத்து ஆளை அனுப்பியது. பதினொன்றுக்குப் பத்து! அடுத்து அதே பக்கத்தில் இன்னொருவர் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடமும் போச்சு. இப்போது ராஜா பக்கம் பத்துதான்.

மந்திரி திருமேனியார்மேல் வெகுநாளாய்ப் பொறாமை கொண்டிருந்த சபைக்காரர் கோதண்டராயர் துள்ளி எழுந்தார். "எல்லாம் மந்திரியின் அசட்டை, மகாராஜா! எதிரில் இருக்கும் இரண்டு பேருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எழுதி வெளியே தள்ளுங்கள். கணக்கு நேராகிவிடும்."

"சித்தம் கலங்கியவர் யாரென்று தேட ஆரம்பித்தால் தேடல் எங்கே போய் முடியுமோ!" என்றார் மந்திரி.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டான். "திருமேனியாரே, ஆளை மிரட்டக் கூடாது, பரிசு கொடுத்து மயக்கக் கூடாது. நாளைக்குச் சபையில் என் ஏரி ஓலை ஜெயிக்க வேண்டும். தோற்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடும்."

"ஓலையில் ஒரே ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளலாமா, அரசே?"

"ஒரு சொல்தானே? திருத்தும்."

மறுநாள் சபை கூடியது. ராஜா கம்பீரமாக வாசித்தான்: "பெரிய ஏரியைத் தூர்... தூர்வார இச்சபை இசைகிறது."

அவன் முகம் சிவந்தது. வாய் திறப்பதற்குள் எதிர்ப்பக்கத்துத் தலைவி வேலாத்தா கை தூக்கினாள். அவளோடு சேர்த்துப் பதினொரு கை, பிறகு இருபது கை. ராஜா பட்டம் சூடிய நாளிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை. "வாழ்க ராஜா!" என்று எதிர்ப்பக்கமே கத்தியது. ராஜாவின் கோபம் கரைந்துவிட்டது.

"மந்திரி, என்னை ஏமாற்றிவிட்டீரே!"

"இல்லை, அரசே. ஆள் போனது சாவாலும் சம்பந்தத்தாலும். இடம் போனது ஏரியால். அந்த ரெண்டு ஊரும் அந்தத் தண்ணீரில்தான் பயிர் செய்கின்றன."

"என் குதிரைகள்?"

"அவற்றுக்கும் தாகம் எடுக்குமே!"

கையைக் கட்டிக்கொண்டிருந்த கோதண்டராயர், தனியே மாட்டிக்கொண்டதைக் கண்டு அவசரமாக இரண்டு கைகளையும் தூக்கினார். சபையே குலுங்கிச் சிரித்தது.

"ராயரே, ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு," என்றான் ராஜா. "மிச்சக் கை சும்மா இருப்பானேன்? முதல் மண்வெட்டி உமக்கு!" பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

தூர்வாரத் தொடங்கிய அன்று ராஜாவும் முழங்கால் சேற்றில் இறங்கினான். வேலாத்தா தன் முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "கிரீடத்தைக் கழற்றிட்டுச் சும்மாடு கட்டிக்கங்க சாமி. கூடை வழுக்கும்."

ராஜா கழற்றினான்.